வழி எழுதாத கணக்கு

ஆகஸ்ட் 4, 1958. திங்கள்.

காலையிலிருந்து புழுக்கம். கடற்காற்று நாலு மணிக்கு மேல்தான் வந்தது, அதுவும் முதலியார்பேட்டை வரை வர மனமில்லாமல்.

இன்று பள்ளியில் தகுதித் தேர்வு. பதினோரு பேர் எழுதினார்கள். மற்ற மூவருக்கு மில்லில் ஷிப்டு மாறிவிட்டதாம், வரவில்லை. இதில் தேறினால்தான் மெட்ரிக் விண்ணப்பம் போகும். எல்லோரும் தனியாக எழுதுகிறவர்கள். ஆகவே நடத்தைச் சான்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் 20.

எங்கள் பள்ளிக்கு நல்ல பெயர் ஒன்று பலகையில் இருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'நின்னவங்க ஸ்கூல்' என்றால்தான் ரிக்‌ஷாக்காரனுக்குத் தெரிகிறது. படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள், பிரெஞ்சுக்காரன் போய் இந்தியா வந்த பிறகு பிரெஞ்சுப் படிப்பு உதவாமல் போனவர்கள், முதல் ஷிப்டு முடித்துவிட்டுப் பஞ்சுத் தலையோடு வருகிறவர்கள். மூன்றிலிருந்து ஆறு வரை வகுப்பு. வாத்தியாரும் ஒருவகையில் நின்றவர்தான். அரசுப் பள்ளிக்கு மூன்று முறை மனுப் போட்டேன், கிடைக்கவில்லை. மாமனார் வீட்டில் கமலாவின் அண்ணன் கேட்டால் 'ஒரு தனியார் ஸ்கூல்' என்று மட்டும் சொல்கிறேன்.

ஐந்து கணக்கும் நானே தயாரித்தது. முதல் கணக்கு மில்காரர்களுக்காக: 48 தறிகள் ஒரு மாதத்தில் நெய்த துணி 35,472 கஜம். ஒரு தறிக்கு எவ்வளவு? தையல் பையோடு வருகிற செலின் எழுந்து, கஜமா மீட்டரா முசியே என்று கேட்டாள். சிரிப்பு. இந்த ஊரில் மீட்டரும் கிலோவும் பிரெஞ்சுக்காரன் காலத்துச் சங்கதி. நமக்கு இனிமேல்தான் வரப்போகிறதாம். எழுதியிருப்பதைப் படி, முசியே அல்ல சார், என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடும் பழக்கம் வேறு அவளுக்கு. ஜூனிலிருந்து சொல்கிறேன், விடுவதாக இல்லை.

வாங்க: சாக்பீஸ், சிவப்பு மை, கமலாவுக்கு இருமல் மருந்து. போர்டு ஆடுகிறது, காலுக்கு ஒரு பலகைத் துண்டு.

ஆகஸ்ட் 5. செவ்வாய்.

காலையில் தாள்கள் திருத்தினேன். நாலு பேர் பரவாயில்லை. இரண்டு பேர் கடவுள் விட்ட வழி.

தனகோட்டி தாள் ஐந்துக்கு ஐந்து. ஸ்பின்னிங்கில் வேலை, இருபத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். பக்கம் பக்கமாக வழி எழுதியிருந்தான். பார்க்கவே நிறைவு. அவனுக்குப் பக்கத்து இடம் செலினுக்கு. அவளும் ஐந்துக்கு ஐந்து, அதே விடைகள். ஆனால் வழி இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் நாலைந்து எண்கள் மட்டும் மொட்டையாக, அவசரத்தில் கிறுக்கினது போல. முதல் கணக்கில் 187, 432, 0. அவ்வளவுதான். வகுக்கும் எண்ணை வலது பக்கம் தூக்கி எழுதி நடுவில் ஒரு கோடு.

வகுப்பில் தாளை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதி வைக்கிறேன். "வழி எழுதாத கணக்கு திருட்டுக் கணக்கு. முதல் நாள்லேயே சொல்லியிருக்கேன்."

"நான் போட்டதுதான் முசியே."

"பெருக்கினது எங்க? கழிச்சது எங்க?"

அவள் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பின் வரிசையில் யாரோ, மூளையத் தொறந்து பாருங்க சார் என்றான். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். தாளில் சிவப்பு மையால் பெரிய சுழி. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'காப்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் தையல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை. தனகோட்டி தலையைத் தூக்கவே இல்லை. அடக்கமான ஆள்.

கண்டிப்பு இல்லாவிட்டால் இந்தப் பள்ளி தேறாது. இரவு நன்றாகப் பசித்தது. கமலா வைத்த வத்தக்குழம்பு பிரமாதம்.

ஆகஸ்ட் 6. புதன்.

செலின் வரவில்லை. மழை வரும்போல் வந்து ஏமாற்றியது. பின்னங்கள் நடத்தினேன். தபாலாபீசில் குமாஸ்தா ஏதோ பிரெஞ்சு வார்த்தை போட்டுக் கேட்டார், வழக்கம்போல் தலையாட்டி வைத்தேன். தப்பான படிவத்தைக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8. வெள்ளி.

மரக்கடை. பலகைத் துண்டு வாங்கத்தான் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

கடைக் கணக்குப்பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும், காதில் சாக்பீஸ். யாருக்கோ சட்டம் அறுக்க அளவு பார்த்துக்கொண்டிருந்தார். 1,955ஐ 23ஆல் வகுக்க வேண்டும். பலகை மேலேயே எழுதினார். 1,955, வலது பக்கம் ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் 23. அதற்குக் கீழே 8 என்று எழுதினார். இடது பக்கம் 115. பிறகு 8க்குப் பக்கத்தில் 5. இடது பக்கம் 0. முடிந்தது. பெருக்கினது இல்லை, கழித்தது இல்லை. நான் மூச்சு விடுவதற்குள் 85.

பெருக்கினதை எழுத மாட்டீர்களா என்று கேட்டேன்.

"மனசுலயே பெருக்கி மனசுலயே கழிச்சிடுவோம் சார். மிச்சத்த மட்டும் எழுதுவோம். பிரெஞ்சு ஸ்கூல்ல எல்லாரும் இப்பிடித்தான். நீங்க கடலூர் பக்கமா? அங்க இங்கிலீஷ்காரன் ஸ்கூல்ல கதை மாதிரி எழுதுவாங்களாமே."

ஆமாம் என்றேன். பலகைத் துண்டை வாங்காமல் வந்துவிட்டேன். பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது.

187, 432, 0. அவள் எழுதியிருந்தது மிச்சங்கள்.

வீட்டில் வந்து 35,472ஐ அந்த முறையில் போட்டுப் பார்த்தேன். நாலு முறை தப்பு. ஐந்தாவது முறைதான் 739 வந்தது, அதுவும் தாளின் ஓரத்தில் திருட்டுத்தனமாய்ப் பெருக்கிப் பார்த்து. பி.ஏ. கணிதம், எல்.டி. ஆசிரியர் பயிற்சி வேறு.

ஆகஸ்ட் 9. சனி.

தூக்கம் சரியில்லை. காலையில் தனகோட்டியின் தாளை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது, எடுக்காமலும் இருந்திருக்கக் கூடாது.

முதல் கணக்கு. 354க்குக் கீழே 336. கழித்து 28 என்று எழுதியிருக்கிறான். 18 அல்லவா? அடுத்து 287. அதற்குக் கீழே 144. கழித்து 43 என்கிறான். 143 அல்லவா? கடைசியில் 432, 432, பூஜ்யம். விடை 739, சரி. இரண்டு இடத்தில் தப்பு. தப்பான வழியில் சரியான விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறான். விடையை முதலில் வைத்துக்கொண்டு பிறகு மேலே இட்டு நிரப்பினால்தான் அப்படி வரும்.

28க்குப் பக்கத்தில் என் டிக். 43க்குப் பக்கத்தில் என் டிக். பூஜ்யத்துக்கு ஒரு பெரிய டிக், அடியில் 'நன்று'.

நான் படிக்கவே இல்லை. வரிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டைக் கமலா தொடமாட்டாள் என்ற தைரியத்தில். செலின் நோட்டில் ஜூன் மாதமே அந்தக் கோட்டையும் மொட்டை எண்களையும் பார்த்திருக்கிறேன். இது என்ன முறை என்று கேட்க வாய் வரை வந்தது. வாத்தியாருக்குத் தெரியாதா என்று வகுப்பு நினைக்குமே என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஆக, தெரியாமல் செய்த தப்பு என்றுகூடச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஆகஸ்ட் 11. திங்கள்.

செலின் இன்றும் வரவில்லை. அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

வகுப்பு முடிந்து தனகோட்டியை இருக்கச் சொன்னேன். தாளை அவன் முன்னால் வைத்து 28ஐத் தொட்டேன். உடனே புரிந்துகொண்டான்.

"பாத்துத்தான் போட்டேன் சார். விடைய மட்டும். வரி நெறைய இருந்தா நீங்க உள்ள பாக்காம டிக் அடிச்சிடுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியுமாம். நாலு மாதமாக நான் என்னவோ கண்டிப்பான வாத்தியார் என்று நடந்துகொண்டிருக்கிறேன்.

அன்றே சொல்ல நினைத்தானாம். மெட்ரிக் தேறினால் மில்லில் டைம் ஆபீசில் குமாஸ்தாவாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதை நினைத்து வாயடைத்துப்போய்விட்டது என்றான். கண் கலங்கினான். கோபப்பட எனக்கு என்ன தகுதி? புதன்கிழமை தனியாக வேறு தாள் தருகிறேன், எழுது என்றேன். ஒப்புக்கொண்டான்.

பிறகு நிர்வாகி வரதனிடம் போனேன். செலினின் விண்ணப்பம் அவர் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. பதிவேட்டில் 'காப்பி' என்று இருக்கிறவரை அனுப்ப மாட்டார். திருத்தலாமே என்றேன். அடித்து எழுதினால் இன்ஸ்பெக்டர் காரணம் கேட்பார், வாத்தியார் தப்பு என்று பக்கத்திலேயே எழுத வேண்டிவரும், ஒரு பெண்ணுக்காக ஸ்கூல் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா, அடுத்த வருடம் எழுதட்டுமே என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? நல்ல மனிதர், என்னை வேலைக்கு எடுத்தவர்.

ஆகஸ்ட் 13. புதன்.

தனகோட்டி புதுத்தாள் எழுதினான். ஐந்தில் மூன்று சரி. அவனே போட்டது, தேறிவிட்டான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

அவனிடம் விசாரித்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். செலின் வீடு அங்கே. காலையில் கன்னியாஸ்திரிகளின் தையல்கூடத்தில் பூவேலை. நர்ஸ் படிப்புக்கு மெட்ரிக் வேண்டும், இருபது வயது முடியப்போகிறது, அடுத்த வருடம் என்றால் அவள் அம்மா கல்யாணம் செய்துவிடுவாள். இதெல்லாமும் தனகோட்டி சொல்லித்தான் தெரியும். ஏப்ரலிலிருந்து பாடம் நடத்துகிறேன், ஒன்றும் கேட்டதில்லை.

தெருமுனை வரை போனேன். ஒரு பெண் கருவாட்டுக் கூடையோடு, என்னா வேணும் சார், யாரத் தேடறீங்க என்றாள். ஒன்றுமில்லை, கருவாடு வாங்கத்தான் வந்தேன் என்றேன். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. கமலா பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு லூர்துமேரிக்குக் கொடுத்துவிட்டோம். அவர்கள் வீட்டில் ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 15. வெள்ளி.

பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய். வரதன் நேர்மை பற்றிப் பேசினார். நான் கைதட்டினேன்.

மாலை கமலாவோடு கடற்கரைப் பக்கம். இன்று மாதா திருநாளும்கூட. கோயில் விட்டுக் கூட்டம் வந்தது. அதில் செலின், வெள்ளைப் புடவை, முக்காடு, பக்கத்தில் அவள் அம்மா. நேராக எங்களை நோக்கித்தான் வந்தார்கள். நான் சோடா வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முப்பத்துநாலு வயது ஆள். அவர்கள் போகும்வரை பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கமலா விடவில்லை. கருவாட்டிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். கேள்விதான் கேட்டாள்.

"திருடின்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இல்லன்னு சொல்ல பத்து நாளா?"

ஆகஸ்ட் 17. ஞாயிறு.

போனேன். இந்தத் தடவை தெருமுனையில் நிற்கவில்லை.

ஓட்டு வீடு. சுவரில் இரண்டு படங்கள், ஒன்று மாதா, இன்னொன்று பிரெஞ்சுப் பட்டாளத் தொப்பியில் ஒருவர். செலினின் அப்பா, சைகோனில் இறந்துபோனாராம். அம்மா பாயைத் தட்டிப் போட்டு, குந்துங்க சார், காப்பி குடிக்கிறீங்களா என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உடம்பு கூசியது. பாவம், அவள் நிஜக் காப்பியைத்தான் சொன்னாள்.

செலின் சன்னலோரம் துணியில் பூப்போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். ஊசி கையிலேயே இருந்தது. தயார் செய்துகொண்டு போன பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. நீ போட்டது சரி, தப்பு என்னுடையது, உங்கள் ஊர் முறை எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். தனகோட்டி பெயரை எடுக்கவில்லை. அவள், பரவாயில்ல சார் என்றாள். முசியே இல்லை, சார். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அத்தோடு முடிந்தது என்று செருப்பைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டேன். அம்மா வாசலில் நின்றாள். கோபமாகப் பேசவில்லை.

"கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும்தான சார் சொன்னீங்க? எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அவள் சொன்னது நியாயம். செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள், அங்கேயே சொல்கிறேன் என்றேன். செலின் மறுபடி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். காப்பி குடித்தேன். சர்க்கரை அதிகம். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஆகஸ்ட் 18. திங்கள்.

நல்ல மழை. பள்ளிக்கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகல்.

வரதனிடம் பேசினேன். பேசினேன் என்பது பெரிய வார்த்தை. பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அவர் பார்க்கும்போதே 'காப்பி'யை அடித்து, பக்கத்தில் 'ஆசிரியரின் பிழை. மாணவியின் முறை சரியானது. மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து' என்று எழுதித் தேதி போட்டேன். 'பிழை' கொஞ்சம் கோணலாக விழுந்தது. வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வருடம் உங்களை வைத்துக்கொள்வது கமிட்டி கையில் இருக்கிறது என்றார். சரி என்றேன். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார்.

தனகோட்டி விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டேன். 'நடத்தை: நன்று' என்று எழுதும்போது யாருடைய நடத்தைக்கு யார் சான்று கொடுப்பது என்று தோன்றியது.

மரக்கடைக்கும் போய்ப் பலகைத் துண்டை வாங்கி வந்துவிட்டேன். போர்டு இப்போது ஆடவில்லை.

ஆகஸ்ட் 19. செவ்வாய்.

மழை விட்டுவிட்டது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்றடித்து ஐந்து நிமிஷத்துக்குச் செலின் வந்தாள், தையல் பையோடு. அவள் இடத்திலேயே உட்கார்ந்தாள். தனகோட்டி ஒரு ஓரமாக நகர்ந்துகொண்டான்.

உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியதால் நின்றபடியே சொன்னேன். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் செலினைப் பற்றி நான் சொன்னது பொய். அவள் கணக்கைப் படிக்கத் தெரியாமல் சொன்னது. படிக்கத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுச் சொன்னது. அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூளையைத் திறந்து பார்க்கச் சொன்னவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனகோட்டி பாதி எழுந்தான், நான் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டது. தறிக் கணக்கைப் போர்டில் உன் முறையில் போட்டுக் காட்டு, எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும், முதலில் நான் கற்றுக்கொள்கிறேன் என்று சாக்பீஸை நீட்டினேன்.

வந்தாள். பையிலிருந்து தையல் அளவுக்கோலை எடுத்தாள். 48ஐ இடது பக்கம் எழுதினாள். அடைப்பு. 35,472. இன்னொரு அடைப்பு. 354க்குக் கீழே 336, அளவுக்கோல் வைத்து ஒரு கோடு, 18. பிறகு 187. அதன் கீழே 144, கோடு, 43. பிறகு 432, 432, கோடு, பூஜ்யம். விடை 739. என் முறை. ஒரு வரிகூட விடாமல். நான் எழுதினால்கூட அவ்வளவு நேராக வராது.

"எல்லா வரியும் எழுதிட்டேன் சார்."

உன் வழியில்தானேம்மா கேட்டேன் என்றேன்.

"வேணாம் சார். பரீட்சைத் தாள் திருத்தறவரும் உங்க ஊர்ப் பக்கத்து ஆளாத்தான இருப்பாரு."

குத்தலாகச் சொல்லவில்லை. கஜமா மீட்டரா என்று கேட்டாளே, அதே குரல். விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்து, மடித்து, தையல் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாளைக் காலையில் அவளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாளாம்.

ஆறு மணிக்கு எல்லோரும் போனபின் போர்டை அழிக்கப் போனேன். ஏழுகளைப் பார்த்தேன். 35,472இல் ஒன்று, 187இல் ஒன்று, விடையில் ஒன்று. மூன்றிலும் அவள் போடும் குறுக்குக்கோடு இல்லை.